கல் சிப்பாய்க்கு நான் போட்ட மாலை

முட்டாள்தனத்தில் தரையில் நின்று செய்வது, ஏணி வைத்து ஏறிச் செய்வது என்று இரண்டு ரகம் உண்டு. முதல் ரகத்தைப் பற்றித்தான் இத்தனை வாரமாக இந்தப் பக்கத்தில் எழுதி வந்தேன். இரண்டாவது ரகத்தை வாழ்நாளில் ஒரே ஒரு தடவை செய்திருக்கிறேன். ஏணியைக் கொடுத்து உதவியது டெக்சாஸில் ஒரு சின்ன ஊரின் தீயணைப்பு நிலையம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை. கவுண்டி நீதிமன்றத்தின் முன்னால் உள்ள புல்வெளி. கவுண்டி என்றால் நம்மூர்த் தாலுகா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றியில் திருநீறு சகிதம் நான் ஏணியின் உச்சியில் நிற்கிறேன். எனக்கு நேரெதிரே, மூக்குக்கு மூக்கு, உயரமான தூணின் மேல் ஒரு கல் சிப்பாய். அகலத் தொப்பி, தொங்கு மீசை, இரண்டு கையாலும் பிடித்த துப்பாக்கி. தொப்பியின் விளிம்பில் புறாக்கள் காலம் காலமாகச் செய்துவைத்த அபிஷேகம்.

வேட்டி என்ற உடையைப் பற்றி டெக்சாஸ் காற்றுக்கு யாரும் சொல்லிவைத்திருக்கவில்லை. கொடிக்கம்பத்தில் ஏற்றிய கொடி என்று நினைத்துவிட்டது. உள்ளே அரைக்கால் சட்டை போட்டிருந்தேனே, அது ஒன்றுதான் அன்று நான் செய்த புத்திசாலித்தனம். கீழே ஏணியைப் பிடித்திருந்த தீயணைப்பு வீரர் மரியாதைக்காகத் தலையைக் குனிந்துகொண்டார்.

மாலை தொப்பியைத் தாண்டி இறங்க மறுத்தது. விடுவேனா? தூண்டில் நரம்பில் கோத்த மாலை. அவிழ்த்து, கழுத்தைச் சுற்றிப் போட்டு, பிடரிப் பக்கம் முடிச்சுக்கு மேல் முடிச்சாக இறுக்கினேன். கல்யாணத்தில் சரசுவுக்குத் தாலி கட்டியபோதுகூட அவ்வளவு பலமாகக் கட்டியதில்லை.

கீழே கைதட்டல். நான் மேலிருந்தபடியே ஒரு கையைத் தூக்கி, "வாழ்க!" என்று கத்தினேன்.

யார் வாழ்க என்று எனக்கே தெரியாது.

மண், உரிமை, உயிர்

அந்த ஊரில் ஆண்டுக்கொரு முறை ஊர் நிறுவிய நாள் கொண்டாடுவார்கள். நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தங்கள் நாட்டு வழக்கப்படி ஏதாவது செய்து விழாவைச் சிறப்பிக்கலாம். 'வந்தவர்கள்' என்று பன்மையில் கேட்டாலும் தொழிற்சாலையில் இருந்தது நான் ஒருத்தன்தான்.

விழாவை நடத்தியவர் மிஸ் பெட்டி. எழுபதைத் தாண்டிய வெள்ளைக்கார அம்மாள், ஊர்ப் பாரம்பரியச் சங்கத்தின் தலைவி. தலைமுடி பஞ்சுமிட்டாய் மாதிரி நிற்கும். "உங்க ஊர்ல விசேஷம்னா என்ன பண்ணுவீங்க, கண்ணு?" என்று கேட்டார். அவர் சொன்னது 'ஹனி'. எங்கள் கரூர்ப் பக்கத்தில் அதற்குக் கண்ணு என்றுதான் பேர்.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சிலைக்கு மாலை போடுவோம்ங்க" என்றேன்.

எனக்குப் பாட வராது. ஆட வராது. சாம்பார்கூட அந்தக் காலத்தில் ரசமாகத்தான் வரும். ஆனால் நான்கு தெரு கூடும் இடத்தில் ஒரு சிலை நின்றால் அதற்கு ஏணி வைத்து மாலை போட வேண்டும் என்பது, தமிழ்நாட்டில் பிறந்து பேருந்து நிலையத்தைக் கடந்து பள்ளிக்கூடம் போன எவனுக்கும் சொல்லித்தர வேண்டிய விஷயமா?

"யாருங்க அந்தச் சிப்பாய்?" என்றும் கேட்டேன். கேட்காமல் விட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

"எங்க பையனுங்க. மண்ணுக்காகவும் உரிமைக்காகவும் உயிரைக் கொடுத்தவங்க" என்றார் மிஸ் பெட்டி. கண் கலங்கியது.

மண், உரிமை, உயிர். மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டால் நமக்கு வேறு என்ன தோன்றும்? சுதந்திரப் போராட்ட வீரர். எதிரி, இங்கிலாந்துக்காரன். அமெரிக்காவும் அவனிடம்தானே விடுதலை வாங்கியது? எட்டாம் வகுப்புச் சரித்திரத்தை வைத்துக்கொண்டு நானே முடிவு கட்டிவிட்டேன்.

மேடையில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது அதையே பேசினேன். "உங்களை ஆண்டவர்களும் எங்களை ஆண்டவர்களும் ஒரே ஆட்கள். அந்த வகையில் இந்தச் சிப்பாய் எங்களுக்குப் பங்காளி" என்றேன். கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. அப்புறம், விருந்தாளி ஆயிற்றே என்று கைதட்டியது.

மாலை வந்தது பிளானோ நகரத்திலிருந்து. அங்கே என் கல்லூரித் தோழன் செல்வராஜ் குடும்பத்தோடு இருந்தான். அவன் மனைவி கடையில் பிளாஸ்டிக் சாமந்தி வாங்கி, நிஜ மாலை தோற்கும்படிக் கோத்திருந்தாள். அவன் அதை அத்தனை தூரம் டிரைவ் பண்ணிக் கொண்டுவந்து கொடுத்தான். "ஃபோட்டோ மட்டும் அனுப்பு மச்சி. நம்ம அசோசியேஷன் பொங்கல் மலர்ல போட்டுரலாம்" என்றான். கொஞ்சம் இருடா என்றேன். பையனுக்கு நீச்சல் வகுப்பு என்று ஃப்ரீவே பக்கம் வண்டியைத் திருப்பிவிட்டான்.

பேசுவதற்கு ஒரு கார்

அந்த ஊரில் நான் எப்படி இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரசுவும் கைக்குழந்தையும் கரூரில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். இங்கே எனக்கு ஓர் அப்பார்ட்மென்ட். பழைய கார்ப்பெட் நாற்றம். ஒரு நாற்காலி, ஒரு டிவி. டிவியில் வானிலை சொல்லும் பெண்ணோடு நான் பேசுவேன். "நாளைக்கும் வெயில்தானா அம்மணி?" என்பேன். அவளும் ஆமாம் என்கிற மாதிரி சிரிப்பாள்.

குளிர்பெட்டி தானாகவே ஐஸ் கட்டி செய்து உள்ளேயே கொட்டிக்கொள்ளும். கடகடவென்று சத்தம் வரும். வந்த புதிதில், யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். பிறகு, யாரும் இல்லை என்று தெரிந்தே எழுந்து போய்ப் பார்ப்பேன்.

வாயை வைத்துப் பிழைத்தவன் நான். கல்லூரியில் என் பேச்சைக் கேட்க விடுதி அறையில் இடம் இருக்காது. அந்த வாய்க்கு டெக்சாஸில் ஒரே ஒரு இடம்தான் கிடைத்தது. வால்டரின் கார்.

வால்டர் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர், என் மேலதிகாரி. ஐம்பதைத் தாண்டிய கறுப்பின மனிதர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மூப்பர். நான் டிரைவிங் டெஸ்டில் தோற்றவன். காரைப் பின்னால் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். அவர்களுடைய பூந்தொட்டி அங்கேதான் இருந்தது என்பதற்கு நான் என்ன செய்ய? அதனால் காலையில் வால்டர்தான் என்னை ஏற்றிக்கொண்டு போவார், மாலையில் இறக்கிவிடுவார். நான் கேட்கவில்லை. மழையில் நான் நடந்து வந்ததை ஒருநாள் பார்த்துவிட்டு, அவராகவே வர ஆரம்பித்தார்.

காருக்குள் புதினா மிட்டாய் வாசனை. ஒலிநாடாவில் அவர்கள் சர்ச் பாட்டு. நான் ஏறி உட்கார்ந்ததும் வால்டரின் கை போய்ப் பாட்டின் சத்தத்தைக் குறைக்கும். நான் பேசுவதைக் கேட்பதற்காக ஒரு மனிதர் தினமும் சத்தத்தைக் குறைக்கிறார். அந்த ஊரில் எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை எதுவும் கிடைக்கவில்லை.

நான் பேசுவேன். அவர் சிரிப்பார். வாய் திறக்காது, தோள் மட்டும் குலுங்கும். என் பேர் பழனிச்சாமி. ஊரில் எல்லோரும் என்னைப் 'பால்' ஆக்கிவிட்டபோது, "ப-ல-னி" என்று மெனக்கெட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். இத்தனை வருடத்தில் என் நினைவுக்குள் அவர் தமிழுக்கு மாறிவிட்டார். மிஸ் பெட்டியும்தான்.

நீதிமன்றத்துக்கு முன்னால் ஒரு சிக்னல் உண்டு. அது எங்களைப் பார்த்தால் சிவந்துவிடும். அங்கே நிற்கும்போது வால்டர் நேரே மட்டும் பார்ப்பார். வலப்பக்கம், சிலை இருக்கும் பக்கம், ஒருநாளும் திரும்பியதில்லை. எவ்வளவு பொறுப்பான டிரைவர் என்று நான் மெச்சிக்கொள்வேன்.

திங்கட்கிழமை

மாலை போட்ட சனிக்கிழமைக்குப் பின் வந்த திங்கட்கிழமை. காரைத் திறந்தால் என் சீட்டில் உள்ளூர்ப் பத்திரிகை. முதல் பக்கத்தில் நான். வேட்டி, ஏணி, சிப்பாய், மாலை எல்லாம் கலரில்.

"பாத்தீங்களா வால்டர்! இனிமே என்கிட்ட கையெழுத்து வாங்கறதுன்னா இப்பவே வாங்கிக்கங்க" என்றேன்.

அவர் காரைக் கிளப்பவில்லை.

"அது யாருன்னு தெரியுமா?"

"சுதந்திரப் போராட்ட வீரர்."

என்னைப் பார்த்தார். நான் கிண்டல் செய்கிறேனா என்று பார்க்கிற பார்வை. இல்லை என்று புரிந்ததும் அவர் முகம் இன்னும் சோர்ந்துபோனது.

"உள்நாட்டுப் போர்ல தெற்குப் பக்கம் சண்டை போட்டவன். அவங்க ஜெயிச்சிருந்தா இந்தக் காரை நான் ஓட்டிட்டிருக்க மாட்டேன். யாரோ ஒருத்தரோட சொத்தா இருந்திருப்பேன்."

நான் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எங்க சர்ச்லேர்ந்து கவுண்டியைக் கேட்டுட்டிருக்கோம்," என்றார். "சிலையை எடுங்கன்னு சொல்லலை. பக்கத்துல ஒரு பலகை வைங்கன்னு கேக்கறோம். அந்தப் போர் எதுக்காக நடந்தது, அப்ப இந்த ஊர்ல யார் யார் அடிமையா இருந்தாங்கன்னு எழுதி. எங்கப்பா காலத்துலேர்ந்து கேக்கறது. இப்பத்தான் பொதுவில பேச ஒரு நாள் கொடுத்திருக்காங்க. நான் பேசப்போறேன்."

சங்கடம் வந்தால் ஜோக் அடிப்பது எனக்கு ஒரு வியாதி. "ஃபோட்டோவில என் வேட்டியாவது ஒழுங்கா இருக்கா, வால்டர்?" என்று கேட்டேன்.

தோள் குலுங்கவில்லை. கார் கிளம்பியது. பாட்டின் சத்தத்தை அன்று அவர் குறைக்கவில்லை.

சாக்குத் தலைவர்

இந்த இடத்தில் எங்கள் ஊர்ச் சிலை ஒன்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

நான் பள்ளியில் படித்தபோது பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு தலைவருக்குச் சிலை வைத்தார்கள். எந்தக் கட்சி திறந்து வைப்பது என்று சண்டை. வழக்கு கோர்ட்டுக்குப் போனது. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று சிலையைச் சாக்குப் போட்டுக் கட்டிவைத்தார்கள். ஆட்சி மாறியது, கலெக்டர் மாறினார், சாக்கு மாறவில்லை. கண்டக்டர்கள் "சாக்குத் தலைவர் எறங்கு!" என்று கூவ ஆரம்பித்தார்கள். உள்ளே இருப்பது யார் என்று எங்கள் வயதுப் பையன்களுக்கு நிஜமாகவே தெரியாது. ஆனாலும் பிறந்தநாள் வந்தால் இரண்டு கட்சிக்காரர்களும் வந்து சாக்குக்கு மாலை போட்டுவிட்டுப் போவார்கள். கோஷம் போட்டால் டீயும் பன்னும் கிடைக்கும். நான் இரண்டு பக்கமும் கோஷம் போட்டிருக்கிறேன்.

கடைசியில் திறந்தபோது உள்ளேயிருந்து தலைவருக்கு முன்னால் குளவிக் கூட்டம் வெளியே வந்தது. மந்திரி ஓடிய ஓட்டத்தை ஊர் இன்னும் பேசுகிறது.

இப்படி ஓர் ஊரிலிருந்து போனவனிடம் போய், சிலைக்கு மாலை போடுவதில் ஒரு பொருள் இருக்கிறது, அதைப் பார்த்து ஒருவருக்கு வலிக்கும் என்றால் புரியக் கொஞ்சம் நேரம் ஆகத்தான் செய்யும்.

வரலாற்றில் சேர்ந்த பிளாஸ்டிக்

சரி, தப்பு நடந்துவிட்டது. மாலையைக் கழற்றினால் முடிந்தது. மிஸ் பெட்டி வீட்டுக்குப் போனேன்.

டீ கொடுத்தார். ஐஸ் போட்ட டீ. சர்க்கரையைக் கரண்டியில் போட்டாரா, முறத்தில் போட்டாரா தெரியாது. சுவரில் ஒரு மங்கிய படம். மீசைகூட முளைக்காத பையன்.

"எங்க தாத்தாவோட அண்ணன்," என்றார். "துப்பாக்கியை ஒரு தடவைகூடச் சுடலை. முகாம்ல பேதி வந்து போயிட்டான். எங்க புதைச்சாங்கன்னே தெரியாது. எங்களுக்கு அந்தக் கல்லுதான் அவன் சமாதி."

எனக்கு அந்தப் பையனைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. மிஸ் பெட்டி 'உள்நாட்டுப் போர்' என்றே சொல்ல மாட்டார். 'மாநிலங்களுக்கு இடையே நடந்த போர்' என்பார். வால்டர் சொன்னதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். "வால்டர் நல்ல மனுஷன். அவங்கம்மாவை எனக்குச் சின்ன வயசுலேர்ந்து தெரியும். ஆனா பழசையெல்லாம் எதுக்குக் கிளறணும்?" என்றார், அந்தப் பழைய படத்துக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு.

"மாலையையாவது எடுத்துரட்டுங்களா?"

"ஐயோ, அது இப்ப வரலாற்றுல சேர்ந்துருச்சே, கண்ணு."

வரலாறு ஆவதற்குச் சில நாள் போதும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கவுண்டி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இன்னும் வேடிக்கை. பலகை விவகாரம் முடியும்வரை சிலையில் எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது என்று உத்தரவாம். மாலை உத்தரவுக்கு முன்னாலேயே ஏறிவிட்டது. ஆகவே எடுக்கக் கூடாது. எடுத்தால் ஒரு பக்கத்துக்குச் சாதகம் செய்த மாதிரி ஆகிவிடும் என்றார் அங்கிருந்த அதிகாரி. விட்டுவைத்தாலும் அப்படித்தானே ஆகும் என்று கேட்டேன். அதற்கும் ஆமாம் என்றார்.

அதற்குள் பத்திரிகையில் வாசகர் கருத்து வர ஆரம்பித்திருந்தது. பூமியின் அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இந்தியருக்கே நம் வீரர்களின் தியாகம் புரிகிறது, பக்கத்துத் தெருவில் இருப்பவர்களுக்கு ஏன் புரியவில்லை? இந்த ரீதியில். பக்கத்துத் தெரு என்பது வால்டரின் தெரு.

வால்டர் என்னை ஏற்றிக்கொண்டு போவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால்கூடத் தேவலை. காலையில் சரியான நேரத்துக்கு வருவார். குட்மார்னிங் சொல்வார். பாட்டு அதே சத்தத்தில் ஓடும். நான் ஒரு கதையை ஆரம்பிப்பேன். சர்ச் பாட்டோடு போட்டிபோட்டு எவ்வளவு நேரம் கத்துவது? பாதியில் விட்டுவிடுவேன். அது ஏன் பாதியில் நின்றது என்று அவர் கேட்டதில்லை.

சிக்னல் சிவக்கும். அவர் நேரே பார்ப்பார். இப்போது நானும் நேரே பார்த்தேன். வலப்பக்கம் நான் கட்டிய மாலை, மழையில் நனைந்து, வெயிலில் வெளுத்து, ஆரஞ்சு போய் இளஞ்சிவப்பாகி, கழுத்தோடு கெட்டியாக உட்கார்ந்திருந்தது. என்ன முடிச்சு அது!

ஆருக்குச் சிலை

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வராஜ் வந்து என்னைப் பிளானோவுக்குக் கூட்டிப்போனான். இட்லி கிடைத்தது. அவன் மகன், "அங்கிள், ஆர் யூ தி ஸ்டாச்சூ கை?" என்று, அதாவது அந்தச் சிலை ஆசாமி நான்தானா என்று கேட்டான். பத்திரிகைப் படம் அங்கேயும் போயிருந்தது.

"விடு மச்சி, அவங்க சண்டைய அவங்க பாத்துப்பாங்க. நூத்துச் சொச்சம் வருஷம் ஆச்சு. இன்னுமா அதையே பேசிட்டிருக்காங்க?" என்றான் செல்வராஜ்.

அங்கே இன்னொருவரும் சாப்பிட வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எங்களைவிட மூத்தவர், கணக்குத் தணிக்கை வேலை. கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்: "நூறு வருசம் காணாது தம்பி. எங்கட சண்டை இன்னும் முடியவே இல்லை. முடிஞ்சாப் பிறகுதான் ஆருக்குச் சிலை, ஆருக்கு ஒண்டும் இல்லை எண்டு இன்னொரு சண்டை தொடங்கும்."

அதற்கு மேல் யாரும் இட்லியைத் தொடவில்லை. எனக்கு மட்டும் இன்னும் இரண்டு உள்ளே போனது. அதைச் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

அன்றைக்குச் சரசுவோடு ஃபோன் கார்டில் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். லைனில் என் குரலே எதிரொலித்துத் திரும்பி வந்தது. அதற்குப் பின்னால் எங்கேயோ குழந்தை அழுதது.

"ஏனுங்க, உங்களை யாருங்க அந்தச் சிலை மேல ஏறச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. நானேதான்."

"அந்த வால்டர் அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

"ஜாடைமாடையாச் சொன்னேன்."

"ஜாடையா என்னங்க ஜாடை? ஒருக்காவாச்சும் சிரிக்காமப் பேசித் தொலைங்க" என்றாள். கார்டு தீர்ந்துபோனது.

எல்லோரும் சிரித்த நாள்

பொதுவில் பேசும் நாள் வந்தது. நீதிமன்றத்தின் பெரிய அறை. மேலே மரக் காற்றாடி சுற்றியது. பெஞ்சுகளில் வலப்பக்கம் மிஸ் பெட்டியின் ஆட்கள், இடப்பக்கம் வால்டரின் சர்ச் ஆட்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு உட்காருகிற மாதிரி தானாகவே பிரிந்திருந்தார்கள். நான் நடுவழியில் நின்று விழித்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனேன்.

வால்டர் முன்வரிசையில் இருந்தார். கறுப்புக் கோட்டு. பக்கத்தில் அவர் அம்மா, ஊதா நிறத் தொப்பியும் வெள்ளைக் கையுறையும் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் இந்தக் கட்டடத்துக்குள் வருவது அதுதான் முதல் தடவை என்று யாரோ எனக்குப் பின்னால் சொன்னார்கள்.

நானும் பேசப் பெயர் கொடுத்திருந்தேன். சரசு சொன்னபடி, தெரியாமல் செய்துவிட்டேன், மாலையை எடுத்துவிடுங்கள், அதை வைத்து வால்டருக்கு எதிராகப் பேசாதீர்கள் என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டியது. மொத்தம் மூன்று வாக்கியம். கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தேன்.

கூட்டத்தை நடத்திய கவுண்டித் தலைவர் என் பெயரைக் கூப்பிட்டார். எனக்கு அடுத்து வால்டர்.

மைக் முன்னால் போய் நின்றேன். எல்லா முகமும் இறுகிப்போய் இருந்தது. "வணக்கம். இந்தத் தடவை நான் பேன்ட் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்" என்று வாயில் வந்துவிட்டது.

அறை சிரித்தது.

இரண்டு பக்கமும் சிரித்தது. அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். குளிர்பெட்டியின் ஐஸ் சத்தத்தையே மாதக்கணக்கில் கேட்டவனுக்கு ஓர் அறை நிறையச் சிரிப்பு. எனக்குள் ஏதோ கழன்றுகொண்டது. பூந்தொட்டியைச் சொன்னேன். பங்காளிப் பேச்சைச் சொன்னேன். முடிச்சைப் பற்றிச் சொன்னேன். சாக்குத் தலைவர் வந்தார், குளவி வந்தது, மந்திரி ஓடினார். மிஸ் பெட்டி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சர்ச் பக்கம் ஒரு பெரியவர் முட்டியில் தட்டித் தட்டிச் சிரித்தார். என் நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. தலைவர் கையை அசைத்து, "பரவாயில்லை, சொல்லுங்க, சொல்லுங்க" என்றார்.

முன்வரிசையில் கறுப்புக் கோட்டின் தோள்களைப் பார்த்தேன். அவை குலுங்குகின்றனவா என்று. தெரியவில்லை. ஊதாத் தொப்பி அசையவே இல்லை.

கடைசியில் அந்த மூன்று வாக்கியத்தையும் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். சிரிப்பில் எது எவர் காதில் விழுந்ததோ. கைதட்டல் வெகுநேரம் நிற்கவில்லை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாலையை நாளைக்கே எடுத்துவிடலாம். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்றார். இல்லை. "இந்த விஷயத்தில் ஊர் முழுக்க ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை. இந்த நல்ல மனநிலையிலேயே இன்றைக்கு முடித்துக்கொள்வோம். மிச்சம் இருப்பவர்கள் அடுத்த மாதம் பேசலாம்."

வால்டர் பாதி எழுந்திருந்தார். கோட்டின் பொத்தானைப் போட்டுவிட்டிருந்தார். அப்படியே ஒரு கணம் நின்றார். எழுந்து நிற்பதா, உட்காருவதா என்று அவர் கால்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குள் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. ஜனங்கள் சிரித்துப் பேசிக்கொண்டே எழுந்தார்கள். அவர் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்தார்.

என்னை யார் யாரோ முதுகில் தட்டினார்கள். "பிரமாதம் பால்!" என்றார்கள். ஏணியைப் பிடித்த தீயணைப்பு வீரர் கைகுலுக்கினார். நான் எல்லோரையும் விலக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

சரளை போட்ட கார் நிறுத்துமிடம். தரையிலிருந்து சூடு எழுந்தது. வால்டர் தன் அம்மாவைக் காரில் உட்காரவைத்து, சீட் பெல்ட்டை மாட்டிவிட்டு, மெதுவாகக் கதவைச் சாத்தினார். நான் மூச்சு வாங்க நின்றேன். சொல்வதற்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. அத்தனை மாதம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசியவன், அவரை ஒரு தடவைகூடக் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"வால்டர், நீங்க உள்ள என்ன பேசறதா இருந்தீங்க?"

அவர் காரைச் சுற்றிவந்து தன் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"அடுத்த மாசம் வந்து கேளு."